பலகைக்குள் ஒரு பெரட்டுக் களம்

கிந்தா ஆற்றில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை இன்று ஈப்போவில் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்த்துவிடலாம். அந்த எண்ணை அனுப்புவது ஆற்றங்கரைப் பெட்டிக்குள் இருக்கும் கருவி. இத்தகைய கருவிகளின் மூளை உள்ளங்கை அளவிலான ஒரு மின்சுற்றுப் பலகை. பக்கத்தில் ஆள் இருக்காது. மின்னல் வெட்டினால் கரண்ட் போகலாம், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நடுவில் நின்றுவிடலாம். அப்போதும் பலகை தானே எழுந்து, சரியான மணியுடன் கணக்கைத் தொடர வேண்டும். அது எப்படி முடிகிறது? சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் விடியற்காலையை நினைத்துக்கொள்ளுங்கள், எளிதாகப் புரிந்துவிடும்.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். பால்வெட்டுக்காரர் மரம் வெட்டுகிறார். கணக்கரான கிராணி ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து, பெரட்டு எனப்படும் காலை ஆள் கணக்கெடுப்பில், செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் பேர் போடுகிறார். கங்காணி நிரை நிரையாக நடந்து மேற்பார்க்கிறார். பலகையிலும் மூவர் உண்டு. வெட்டுபவர் செயலி. கிராணி பார்க்கும் ஆபீஸ் கடிகாரம் ஆர்டிசி எனப்படும் நிகழ்நேரக் கடிகாரம். கங்காணி வாட்ச்டாக் டைமர்.

அடுத்து, கடிகாரத்தைத் திறப்போம். உள்ளே ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை 15 தடவை பாதி பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதுதான் ஒரு நொடி. பிறகு நொடி நிமிடமாகிறது, நிமிடம் மணியாகிறது, மணி தேதியாகிறது. கரண்ட் போனாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரியால் இது ஓடும். தோட்டமே உறங்கினாலும் ஆபீஸ் கடிகாரம் ஓடுவதுபோல.

ஆனால் வெயில் படிகத்தின் அதிர்வை மாற்றும். சாதாரணப் படிகம் மாதத்துக்கு ஒரு நிமிடம்வரை பிசகலாம். எனவே டிஎஸ்3231 போன்ற சில்லு வெப்பத்தை அளந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. 40 டிகிரி வரையிலான வெப்பத்தில் ஆண்டுக்கே ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் தவறும்.

இன்னொன்று, சில்லில் உலகப் பொது நேரத்தை வைப்பதே நல்லது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, ஏழரை மணி வித்தியாசத்தை எட்டு மணியாக்கியது. இப்படி அரசு மாற்றக்கூடியதை நிரல் கூட்டிக்கொள்ளட்டும். கடிகாரம் தன் போக்கில் ஓடட்டும்.

இப்போது கங்காணியிடம் வருவோம். வாட்ச்டாக் ஓர் எண்ணைக் கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வரும். நிரல் ஒரு சுற்று முடித்ததும், "வேலை நடக்குதுங்க" என்று குரல் கொடுப்பதுபோல, அந்த எண்ணை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். ஏற்றாமல் எண் பூஜ்யத்தைத் தொட்டால், பலகை முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்கும். அர்டுயினோ ஊனோ பலகையில் இந்தப் பொறுமை அதிகபட்சம் சுமார் 8 நொடி. அதன் வாட்ச்டாக் செயலியின் கடிகாரத்தை நம்பாமல் தனக்கென்று துடிப்பு தரும் ஓர் அலைவியை வைத்திருக்கிறது. ஆகவே செயலியின் கடிகாரம் நின்றாலும் கங்காணி நடப்பார்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். குறித்த இடைவெளியில் தானே ஓடும் டைமர் குறுக்கீட்டில் குரல் கொடுக்கும்படி நிரல் எழுதிவிடுகிறார்கள். முக்கிய வேலை சிக்கி நின்றாலும் குறுக்கீடு ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்து நிரைக்காரர் பதில் சொன்னால் கங்காணிக்கு உண்மை எப்படித் தெரியும்? ஆகவே நீரை அளந்தாயிற்று, பதிந்தாயிற்று, அனுப்பியாயிற்று என்று சரிபார்த்த பிறகே குரல் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, இருவரும் ஒருவருக்கொருவர் தேவை. கங்காணி எழுப்பிவிட்டாலும், மணி தெரியாத பலகை 1970 ஜனவரி 1 என்று தொடக்கத் தேதியையே போடக்கூடும். அப்புறம் வெள்ளம் எப்போது ஏறியது என்று யாரும் சொல்ல முடியாது. எழுந்த பலகை ஆர்டிசியிடம் மணி கேட்டால் கணக்கு அறுபடாது.

ஆகவே ஆளில்லாத இடத்தில் வைக்கப் பலகை வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கடிகாரத்துக்குத் தனி பேட்டரி உண்டா? வாட்ச்டாக்குக்குத் தனி அலைவி உண்டா? எதனால் மறுதொடக்கம் நேர்ந்தது என்று பலகை குறித்துவைக்குமா? உழைப்பவரையும் காவலையும் கணக்கையும் தனித்தனியே வைத்தால்தான் ஒன்று விழும்போது மற்றது தூக்கிவிடும்.