எழுச்சியும் சோர்வும்: இருமுனை மனநோயை இனங்காணல்

வடமாநில மாவட்டத் தலைநகர் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். சில நாட்களாக அவர் இரவில் இரண்டு மணி நேரமே உறங்குகிறார். எனினும் களைப்பு என்பதே இல்லை. துறையைச் சீர்திருத்தும் யோசனைகளைப் பக்கம் பக்கமாக எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்புகிறார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று, முன்பின் அறியாத ஒரு வாணிபத்தில் முதலீடு செய்கிறார். தடுக்க முற்படும் கண்காணிப்பாளர் மீது சீறி விழுகிறார். மூன்று மாதங்கள் கழித்து அதே மனிதர் படுக்கையை விட்டு எழ மறுக்கிறார். அலுவலகக் கோப்பில் முன்னது ‘கீழ்ப்படியாமை’ என்றும், பின்னது ‘அனுமதியின்றிப் பணிக்கு வராமை’ என்றும் பதிவாகிறது. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை.

இதுவே ‘பைபோலார்’ எனப்படும் இருமுனை மனநோய். எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வருவதை பிரெஞ்சு மருத்துவர் ஃபால்ரே 1854-ஆம் ஆண்டிலேயே ஒரே நோயாக விவரித்தார். 1899-இல் ஜெர்மானிய அறிஞர் கிரேப்பலின் இதனை மனச்சிதைவிலிருந்து வேறுபடுத்திக் காட்டினார்.

மகிழ்ச்சியும் துயரமும் மனித இயல்பே. அவற்றை நோயெனக் கொள்வதற்கு அளவுகோல்கள் உண்டு. மிகையான உற்சாகமோ எரிச்சலோ ஒரு வாரத்திற்குக் குறையாமல் நீடித்தல், உறக்கத்தின் தேவையே குறைதல், ஓயாத பேச்சு, தறிகெட்டு ஓடும் எண்ணங்கள், தன்னைப் பற்றிய அளவிறந்த மதிப்பு, விளைவை எண்ணாத செலவு ஆகியன எழுச்சி நிலையின் அறிகுறிகள். இதன் மென்மையான வடிவம் நான்கு நாட்களிலேயே வெளிப்படக்கூடும். அதனைச் சுற்றத்தார் சுறுசுறுப்பு என்று பாராட்டுவதும் உண்டு! சோர்வு நிலையோ இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிப்பது. பெரும்பாலோருக்கு நோய் இருபத்தைந்து வயதிற்குள் தலைகாட்டுகிறது. மரபுவழிப் பங்கு இதில் மிகுதி. எனினும் பெற்றோருக்கு நோய் இருப்பின் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

நோயாளி மருத்துவரை நாடுவது பெரும்பாலும் சோர்வுக் காலத்தில்தான். எழுச்சிக் காலத்தில் தமக்கு நோய் இருப்பதாகவே அவர் எண்ணுவதில்லை. முன்பு எழுச்சி ஏற்பட்டதுண்டா என்று கேட்டறியாமல் சோர்வு நீக்கும் மருந்தை மட்டும் அளித்தால், அதுவே எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். ஆகவே குடும்பத்தாரின் வாக்குமூலம் இன்றியமையாதது. தற்கொலை அபாயம் இந்நோயில் பொது மக்களிடையே காணப்படுவதைவிடப் பன்மடங்கு அதிகம். அத்தகைய பேச்சை வெறும் மிரட்டலென ஒதுக்கலாகாது.

சிகிச்சையில் லித்தியத்திற்குத் தனி இடம் உண்டு. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை வெளியிட்டார். இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ள இம்மருந்து விலையும் குறைவானதே. ஆனால் பயன் தரும் அளவிற்கும் நஞ்சாகும் அளவிற்கும் இடைவெளி குறுகியது. இரத்தத்தில் லித்திய அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் செயலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். கோடை வெயிலில் உடலின் நீர் வற்றினாலும், உப்பைத் திடீரெனக் குறைத்தாலும், சில வலி நிவாரணிகளை உட்கொண்டாலும் லித்திய அளவு உயரும். மாத்திரை மலிவாக இருந்தும் சோதனைக் கூடம் தொலைவில் இருப்பதே கிராமத்து நோயாளியின் உண்மையான செலவாகும்: பேருந்துக் கட்டணம், இழந்த நாட்கூலி, உடன்வருபவரின் கூலி.

2015-16-இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்நோய்க்கு ஆளானோரில் சுமார் 70 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்ட பின்னரும் நிலை இதுவே. மனநல மருத்துவர்களின் விகிதம் கேரளத்தில் இலட்சம் பேருக்கு 1.2 எனவும் மத்தியப் பிரதேசத்தில் 0.05 எனவும் இருந்ததாக அவ்வாய்வு கண்டது. பற்றாக்குறையைவிட இந்தப் பங்கீடே கவலைக்குரியது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை, 14416 என்ற எண்ணில் ஆலோசனை வழங்குகிறது.

சட்டம் பெரிதும் முன்னேறியுள்ளது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு அளிக்கக் காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அலுவலர்கள் குறிப்பாக அறிய வேண்டியது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4)-ஆவது உட்பிரிவு. பணிக்காலத்தில் மாற்றுத்திறன் நிலையை அடையும் ஊழியரை அரசு நிறுவனங்கள் பணிநீக்கமோ பதவிக் குறைப்போ செய்தல் கூடாது. வகிக்கும் பணிக்கு அவர் ஏற்றவரல்லர் எனில், அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அரசு அறிவிக்கை வாயிலாக விலக்களித்த நிறுவனங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. மனநலக் குறைபாடுடைய ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவது மறைமுகப் பாகுபாடாகும் என்றும், நடத்தைக்கான காரணங்களுள் ஒன்றாக அக்குறைபாடு இருந்தாலே அதற்குப் போதுமென்றும் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அலுவலர் ஒருவரது வழக்கு அது. மேற்கூறிய எழுத்தர் விஷயத்தில், குற்றக் குறிப்பாணை தயாராகுமுன் மருத்துவப் பரிசோதனைக்கு வழிசெய்ய வேண்டியவர் அவருடைய பிரிவு அலுவலரே.