அனலைதீவுக் குசினிப் புகைக்கூடு: ஒரு கணக்கு

2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் கொழும்பிலேயே 4,860 ரூபாவுக்குப் போனது. 2021 நடுப்பகுதியில் அது 1,493 ரூபா. ஊர்காவற்றுறையில் படகேற்றிக் கொண்டுவர வேண்டிய அனலைதீவில் பனமட்டையும் ஊமலும் திரும்ப அடுப்புக்கு வந்ததில் வியப்பில்லை. அந்த ஒரு சிலிண்டரின் வேலைக்கு மூன்று கல் அடுப்பில் சுமார் 130 கிலோ விறகு எரிய வேண்டும். அனகி மண் அடுப்பில் 100 கிலோ. விறகு வளவுக்குள் கிடைக்கும். புகையை வெளியே அனுப்பத்தான் செலவு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2014 வழிகாட்டலில், புகைக்கூடில்லாத அடுப்பு நிமிடத்துக்கு 0.23 மில்லிகிராம் நுண்துகளைத் தாண்டக்கூடாது. புகைக்கூடிருந்தால் 0.80. காபன் மொனொக்சைட்டுக்கு 0.16 கிராம், 0.59 கிராம். சாதாரண விறகடுப்பு இவற்றைப் பலமடங்கு மிஞ்சும். ஆகவே கூடு கட்டினால் மட்டும் போதாது, அது நன்றாக இழுக்கவும் வேண்டும்.

இழுவை சூட்டிலிருந்து வருகிறது. வெளியே 30 பாகை, குழாய்க்குள் 150 பாகை, உயரம் 3 மீற்றர் என்றால் கிடைப்பது சுமார் 10 பாஸ்கல். ஒரு மில்லிமீற்றர் உயர நீரின் அழுத்தம், அவ்வளவுதான். ரொறன்ரோவில் மைனஸ் 10 பாகைக் குளிரில் அதே குழாய் 15 பாஸ்கல் இழுக்கும். எங்கள் வெக்கையில் கட்டுபவர் உயரத்தில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. திறந்த அடுப்புக்கு மேல் அகலக் கூடு வைத்தால் குளிர்காற்றும் கலந்து புகை 60 பாகைக்கு இறங்கும். இழுவை 3 பாஸ்கல். அடுப்பை மூடிக்கட்டி, பின்துளையைக் குழாயோடு பொருத்துவதே என் பரிந்துரை.

தீவில் பெரிய எதிரி காற்று. விநாடிக்கு 5 மீற்றர் வேகக் காற்றின் அழுத்தம் 15 பாஸ்கல். சோளக மாதங்களில் அது பெரிய காற்றே இல்லை. ஆனாலும் குழாய்வாயில் நேரே இறங்கினால் புகை குசினிக்கே திரும்பும். அதனால் மேலே மூடி, பக்கங்களில் திறப்பு வேண்டும். குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். 10 அடிக்குள் உள்ள முகட்டைவிட 2 அடி மேலே நிற்க வேண்டும். ஓலைக் கூரையென்றால் பொறி பறக்கும்; குழாயைச் சுற்றித் தகரம் போடாமல் கட்டவே வேண்டாம்.

6 அங்குலக் குழாயில் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் கரி படிந்தால் வழியில் கால்வாசி அடைபடும். சோளகம் தொடங்குமுன் ஒருமுறை, வாடைக்கு முன் ஒருமுறை கரியைத் தட்டியெடுக்க வேண்டும்.