கை தொட்டாலும் 'ஃபீல்'... மனசு தொட்டாலும் 'ஃபீல்'!

குட்டீஸ், "ஃபீல் பண்ணாதடா!" என்று நண்பனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறீர்களா? நம் பேச்சில் 'ஃபீல் பண்றான்' என்றால் வருத்தப்படுகிறான் என்று அர்த்தம். ஆனால், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒருவரிடம் 'ஐ ஆம் ஃபீலிங்' என்று சொல்லி நிறுத்தினால், "என்ன ஃபீலிங்?" என்று திருப்பிக் கேட்பார்! அங்கே இந்தச் சொல்லுக்குள் சோகம் மட்டுமல்ல. சந்தோஷம், பயம், பசி, குளிர் எல்லாமே அடக்கம்.

விரல் சொல்லும் சேதி

'ஃபீல்' என்பதன் பழைய அர்த்தம், தொட்டு அறிவது. இதற்கு ஆரணி அருகே உள்ள தேவிகாபுரத்துக்குப் போவோம். பட்டு நெசவு நடக்கும் ஊர். கச்சாப் பட்டு நூலைத் தொட்டால் விறைப்பாக இருக்கும். காரணம், அதன் மேலுள்ள 'செரிசின்' என்ற பசை. சோப்பு, சோடா கலந்த கொதிநீரில் போட்டால் பசை கரைந்து, நூல் வழவழப்பாகிவிடும். பசை போயிற்றா என்று தொட்டுப் பார்ப்பதும் 'ஃபீல்'தான்.

அந்தப் பட்டைப் பற்றி, 'தி சில்க் ஃபீல்ஸ் ஸ்மூத்' என்பார்கள். 'ஸ்மூத்லி' என்று சொல்லக்கூடாது. பட்டு எப்படி இருக்கிறது என்றுதானே சொல்கிறோம்!

இன்னும் இருக்கு!

* 'ஐ ஃபீல் ஹேப்பி': சந்தோஷமாக இருக்கிறேன்.
* 'ஐ ஃபீல் யூ ஆர் ரைட்': நீ சொல்வது சரி என்று நினைக்கிறேன்.
* 'ஐ ஃபீல் லைக் ஸ்லீப்பிங்': தூங்க வேண்டும்போல் இருக்கிறது.
* 'ஐ ஃபீல் ஃபார் ஹிம்': அவனுக்காக என் மனசு வருந்துகிறது.
* கரன்ட் போன இருட்டில் சுவரைத் தடவித் தடவி நடக்கிறோமே, அதுவும் 'ஃபீல்'தான்!

ஏமாறாதீங்க!

'ஃபீல்' என்பதன் இறந்தகாலம் 'ஃபெல்ட்'. கீழே விழுந்ததைச் சொல்ல 'ஐ ஃபெல்'. ஒரு 'ட்' கூடினால் அர்த்தமே மாறிவிடும்! 'ஃபெல்ட்' என்று ஒரு துணியும் உண்டு. கம்பளி இழைகளை ஈரமாக்கி, அழுத்தித் தேய்த்துச் செய்வது. அதற்குத் தறியே வேண்டாம்! ஆனால், அந்தப் பெயருக்கும் 'ஃபீல்' என்ற சொல்லுக்கும் உறவில்லை.

நம் தமிழும் சளைத்ததல்ல. நல்ல கதையைப் படித்துவிட்டு, 'மனசைத் தொட்டுவிட்டது' என்கிறோமே! கையின் வேலையை மனசுக்கும் கொடுத்துவிட்டோம்.

இனி, வகுப்பில் உடம்பு சரியில்லையென்றால் 'ஐ ஆம் ஃபீலிங்' என்று பாதியில் நிறுத்தாதீர்கள். 'ஐ ஃபீல் ஸிக்' என்று சொல்லுங்கள். பயமாக இருந்தால், 'ஐ ஃபீல் அஃப்ரெய்ட்'. என்னவென்று சொன்னால்தானே டீச்சரும் உதவ முடியும்?