கோடை வெயிலைக் குளிர்காலத்துக்கு எடுத்து வைக்க முடியுமா?

இந்த எபிசோடுக்கான கேள்வி ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிற நம்ம நேயர் ஒருத்தர்கிட்ட இருந்து வாய்ஸ் நோட்டா வந்தது. அவர் வாடகைக்கு இருக்கிற வீட்டில் ஹீட்டரே கண்ணில் படலையாம். ஆனா ஜனவரியில்கூட தரை வெதுவெதுன்னு இருக்காம். வீட்டு நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு தண்ணி டேங்க், கூரை முழுக்க சோலார். "குளிர்காலத்தில் இங்க வெயிலே வராது. அப்புறம் சோலார் வச்சு எப்படி வீட்டைச் சூடாக்குறாங்க?"ன்னு கேட்டிருந்தார்.

சுருக்கமான பதில்: வெயில் இருக்கும்போது சூட்டைச் சேர்த்து வைக்கிறாங்க. ஆனா அது எப்போது நல்லா வேலை செய்யும், எங்கே சொதப்பும் என்பதில்தான் சுவாரசியமே இருக்கு. அதோட, இந்த விஷயத்தில் உலகமே பாராட்டிய ஒரு திட்டத்தை 2024-இல் மூட முடிவு பண்ணிட்டாங்க. அது ஏன்னும் பார்ப்போம்.

கூரையில் இருப்பது என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். அந்த வீட்டுக் கூரையில் இருப்பது பெரும்பாலும் கரண்ட் தரும் பேனல் கிடையாது. நம்ம ஊர் மொட்டை மாடியில் இருக்கிற சோலார் வாட்டர் ஹீட்டரோட பெரியண்ணன். இதுக்கு 'கலெக்டர்'னு பேரு. மாவட்ட கலெக்டர் இல்லை, வெயிலைக் கலெக்ட் பண்றவர். கறுப்புத் தகடு வெயிலில் சூடாகும், அதோடு ஒட்டிய குழாயில் ஓடும் திரவம் அந்தச் சூட்டை எடுத்துட்டுப் போகும். வெளியே பனி பெய்யும் ஊர் என்பதால் உறையாமல் இருக்க அந்தத் தண்ணியில் கிளைக்கால் கலந்திருப்பாங்க.

கரண்ட் பேனல், மேலே விழும் வெயிலில் சுமார் 20 சதவீதத்தை மின்சாரமாக மாற்றும். கலெக்டர் நல்ல சூழ்நிலையில் பாதிக்கு மேல்கூட சூடாகப் பிடிச்சுடும். சூடு மட்டும்தான் வேணும்னா இது லாபம்தான்.

சிக்கல் காலண்டரில் இருக்கு. வெயில் கொட்டுவது ஜூனில். வீட்டுக்குச் சூடு வேண்டியது டிசம்பரில். ஜூனில் கிடைக்கிற வெயிலில் ஆறில் ஒரு பங்குகூட டிசம்பரில் தேறாத ஊர்கள் ஐரோப்பாவில் ஏராளம். அதனால் நடுவில் ஒரு சேமிப்பு வேணும்.

தரை எதுக்கு?

சேமிக்க எளிதான பொருள் தண்ணி. 1,000 லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்கினால் அதில் சுமார் 1.16 யூனிட் சக்தி சேரும். நம்ம ஈபி பில்லில் வரும் அதே யூனிட். இதை மட்டும் மனசில் வச்சுக்கோங்க, மீதியெல்லாம் பெருக்கல்தான்.

வீட்டில் 10,000 லிட்டர் டேங்க் இருக்கு, அது 90 டிகிரியில் இருக்குன்னு வைங்க. சுவரில் மாட்டும் பழைய பாணி ரேடியேட்டருக்கு 60 டிகிரி தண்ணி வேணும். அப்போ 90-இலிருந்து 60 வரைக்கும்தான் அந்த டேங்க் நமக்கு உதவும். சுமார் 350 யூனிட் கிடைக்கும். 60-க்குக் கீழே போனதும் டேங்க் முழுக்க வெந்நீர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இப்போ ரேடியேட்டரை எடுத்துட்டு, தரைக்குள் குழாய் பதிக்கிறோம். 35 டிகிரி தண்ணியே போதும். அதே டேங்க் இப்போ 640 யூனிட் தரும். நல்ல இன்சுலேஷன் போட்ட வீட்டுக்குக் கடுங்குளிர் நாளில் 50 யூனிட் தேவைன்னு வச்சுக்கிட்டா, ரேடியேட்டரோடு ஏழு நாள் தாங்கும். தரையோடு பன்னிரண்டு நாளைத் தாண்டும். டேங்கில் ஒரு லிட்டர்கூட கூட்டலை.

35 டிகிரி எப்படிப் போதும்? பரப்பளவுதான் காரணம். ரேடியேட்டர் சின்னது, அதனால் கொதிக்கணும். தரை முழு அறை அளவு பெருசு, அதனால் லேசா இளஞ்சூடு இருந்தாலே போதும். ஆட்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக்கூடாதுன்னு ஐரோப்பியத் தரநிர்ணயமே இருக்கு. அந்த 29 டிகிரி தரை, 20 டிகிரி அறைக்குள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் தரும். நல்லாக் கட்டின வீட்டுக்கு இதுவே அதிகம்.

இன்னொரு லாபமும் இருக்கு. குளிர்கால மங்கல் வெயிலில் கலெக்டரால் 40 டிகிரிதான் எட்ட முடியும்னு வைங்க. ரேடியேட்டர் அதைச் சீந்தாது. தரை வாங்கிக்கும்.

தரையே ஒரு சேமிப்பும்கூட. சென்னையில் மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்னவங்களுக்கு இது புரியும். பகலில் கான்கிரீட் குடிச்ச வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கும். நமக்கு அது தொல்லை, அவங்களுக்கு அதுதான் தேவை. 100 சதுர மீட்டர் வீட்டில் 6 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்ட தரை, 3 டிகிரி ஆறுவதற்குள் சுமார் 10 யூனிட்டைத் திருப்பித் தந்துடும். இதுக்கு விலையும் உண்டு: தரை மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். ஏசி ரிமோட் மாதிரி அமுக்கின உடனே பலன் எதிர்பார்க்க முடியாது.

ஒரு வீடு தனியா சமாளிக்குமா?

பத்துப் பன்னிரண்டு நாள் சரி. முழு குளிர்காலத்துக்கும் எடுத்து வைக்க முடியுமா? 6,000 யூனிட் தேவைப்படும் வீட்டுக்கு, மேலே பார்த்த கணக்குப்படி கிட்டத்தட்ட 94,000 லிட்டர் வேணும். 12,000 லிட்டர் தண்ணி லாரி எட்டு. அதை வீட்டுக்குள் நிறுத்தணும்.

செய்ய முடியாததில்லை. சுவிட்சர்லாந்தின் ஓபர்பூர்க் ஊரில் ஜென்னி நிறுவனம் 2007-இல் எட்டுக் குடும்பங்களுக்கான ஒரு அடுக்குமாடி வீட்டையே முழுக்க வெயிலால் சூடாக்கிக் காட்டியது. நடுவில் நிற்கும் டேங்க் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல். ஆனா ஜெர்மனியில் 'சோனன்ஹவுஸ்'னு சொல்ற சூரிய வீடுகள் நடைமுறைப் பாதையை எடுத்தாங்க. பாதிக்கு மேல் வெயில், மிச்சத்துக்குப் பெரும்பாலும் விறகு அடுப்பு. நம்ம நேயர் இருக்கிறது இந்த வகை வீடா இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரிய அளவுக்குப் போனால் இயற்பியலே கைகொடுக்குது. டம்ளர் காபி பத்து நிமிஷத்தில் ஆறிடும், கல்யாண வீட்டு அண்டா சாம்பார் மணிக்கணக்கில் சூடாக இருக்கும். சூடு வெளியேறுவது மேற்பரப்பு வழியா, தங்குவது கொள்ளளவில். ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரத் தொட்டியைவிடப் பத்து மீட்டர் பக்கமுள்ள தொட்டியில், ஒவ்வொரு லிட்டருக்கும் சூடு வெளியேறும் பரப்பு பத்தில் ஒரு பங்குதான். ஆறு மாசத்துக்குச் சூட்டைக் காப்பாத்தணும்னா, ஊரே சேர்ந்து ஒரு அண்டா வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ஒகோடோக்ஸின் 52 வீடுகள்

அப்படிச் செஞ்ச இடம்தான் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரிக்குத் தெற்கே இருக்கிற ஒகோடோக்ஸ். அங்கே 'டிரேக் லேண்டிங்'னு 52 வீடுகள் கொண்ட குடியிருப்பு. குளிர் மைனஸ் 30-ஐத் தொடும் பகுதி. கார் ஷெட் கூரைகளில் மொத்தம் சுமார் 800 கலெக்டர்கள். கோடையில் பிடிச்ச சூடு முதலில் இரண்டு பெரிய தண்ணித் தொட்டிகளுக்குப் போகும், அங்கிருந்து நிலத்துக்குள்.

ஆமா, நிலத்துக்குள். 35 மீட்டர் ஆழத்துக்கு 144 போர் போட்டு, ஒவ்வொன்றிலும் U வடிவக் குழாய் இறக்கியிருந்தாங்க. கோடையில் வெந்நீர் நடுவில் நுழைஞ்சு ஓரத்துக்குப் போகும், குளிர்காலத்தில் ஓரத்தில் நுழைஞ்சு நடுவுக்கு வரும். அதனால் நடுப்பகுதி எப்பவும் அதிகச் சூடு. கோடை முடியும்போது நடுமண் 80 டிகிரி வரைக்கும் போகும். உள்ளே போன சூட்டில் கணிசமான பங்கு திரும்பி வராது, ஆனா கோடை வெயில் இலவசம்.

இந்த வீடுகளில் தரைக்குழாய் கிடையாது, காற்றைச் சூடாக்கி அனுப்பும் முறை. ஆனா அதையும் குறைந்த சூட்டுத் தண்ணியிலேயே இயங்குற மாதிரி வடிவமைச்சாங்க. காரணம், மேலே நாம போட்ட அதே கணக்கு.

2007-இல் தொடங்கியது. முதல் சில வருஷம் மண்ணைச் சூடேத்தவே போச்சு. ஐந்தாவது வருஷம் வீட்டுச் சூட்டில் 97 சதவீதம் வெயிலில் இருந்து வந்தது. 2015-16 குளிர்காலத்தில் 100 சதவீதம். பம்பு ஓட்டும் கரண்ட் இந்தக் கணக்கில் சேராது. இருந்தாலும், மைனஸ் 30 ஊரில் ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்கப் போன கோடையின் வெயிலே போதும்னு நிரூபிச்சுட்டாங்க.

அப்புறம் ஏன் மூடினாங்க?

சாதனங்களுக்கு வயசாச்சு. கசிவுகள் வந்தன. பழுதான பாகங்களுக்குப் பொருத்தமான மாற்று கிடைப்பது கஷ்டமாச்சு, செலவும் ஏறியது. 2024-இல் மூட முடிவானது. வீடுகள் இயற்கை எரிவாயு ஹீட்டருக்கு மாறின. புதைபடிவ எரிபொருள் வேண்டாம்னு காட்டின அதே 52 வீடுகள்.

சாஃப்ட்வேரில் இருக்கிறவங்களுக்கு இந்தக் கதை பழகினதுதான். ஒரே ஒரு கிளையண்டுக்காக எழுதின சிஸ்டம், டெமோவில் பிரமாதமா ஓடும். எழுதினவங்க வேறு வேலைக்குப் போனதும் ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணக்கூட ஆள் இருக்காது. டிரேக் லேண்டிங்கில் மண் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சது. இதே மாதிரி இன்னொரு நூறு குடியிருப்புகள் அங்கே இருந்திருந்தால் பாகம் விற்கக் கடையும், பழுது பார்க்க மெக்கானிக்கும் இருந்திருப்பாங்க.

டென்மார்க்கைப் பாருங்க. அங்கே மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குச் சூடு ஊர்ப் பொதுக் குழாயில்தான் வருது. அந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை வாடிக்கையாளர்களுக்கோ நகராட்சிக்கோ சொந்தம். மார்ஸ்டால் ஊரில் 75,000 கனமீட்டர் குழி, வோயன்ஸ் ஊரில் இரண்டு லட்சம் கனமீட்டர் குழி. உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு, நிறைய வெந்நீர், மேலே மிதக்கும் மூடி. பிரச்சினை அங்கேயும் வந்தது. டிரோனிங்லுண்டில் சில வருஷத்திலேயே மூடியை மாற்ற வேண்டியதாச்சு. மாற்றினாங்க, ஓட்டினாங்க. அதைப் பார்த்துக்க ஏற்கெனவே ஒரு நிறுவனமும் ஊழியர்களும் இருந்தாங்க.

அப்போ இன்னிக்கு வீடு கட்டுறவங்க என்ன செய்யலாம்?

2007-க்கும் இப்போதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: கரண்ட் சோலார் பேனலோட விலை படுவேகமா இறங்கிடுச்சு. அதோடு ஹீட் பம்ப் சேர்த்து ஓட்டுறவங்க இப்போ அதிகம். ஃப்ரிட்ஜைத் திருப்பி வச்ச மாதிரி, வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உள்ளே இழுக்கும் மெஷின் அது. அதுகிட்ட 35 டிகிரி தண்ணி கேட்டால் ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் நாலு யூனிட் சூடு தரும். 55 டிகிரி கேட்டால் மூணுக்குக் கீழே இறங்கிடும். பார்த்தீங்களா, இங்கேயும் குறைந்த சூடு கேட்கிற தரைதான் ஜெயிக்குது.

அதனால் குளிர் நாட்டில் வீடு கட்டுற, வாங்குற நேயர்களுக்கு என் கருத்து இது. முதல் பணத்தை இன்சுலேஷனுக்கும் தரைக்குழாய்க்கும் போடுங்க. அந்த பிளாஸ்டிக் குழாய்களை 50 வருஷ ஆயுள் கணக்கில் தயாரிக்கிறாங்க, தரையை உடைக்காமல் மாற்றவும் முடியாது. மேலே மாட்டும் கலெக்டர், டேங்க், ஹீட் பம்ப் எல்லாம் அந்த 50 வருஷத்தில் இரண்டு மூணு தடவை மாறும். 35 டிகிரி போதும்னு சொல்ற வீட்டில் எதை வேணும்னாலும் மாட்டிக்கலாம். 60 டிகிரி கேட்கிற வீட்டுக்கு எரிவாயுவை விட்டு வெளியே வர்ற வழி குறுகல்.

விற்க வர்றவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க. என் வீட்டுக்கு எத்தனை டிகிரி தண்ணி வேணும்? இந்தச் சேமிப்பை எத்தனை வீடு பகிர்ந்துக்குது? பதினைந்து வருஷம் கழிச்சு பம்பு நின்னா யார் வருவாங்க? முதல் இரண்டுக்கும் பதில் கால்குலேட்டரிலேயே கிடைச்சுடும். மூணாவது கேள்விக்கு ஆள் பேரும் போன் நம்பரும் வாங்கிக்கோங்க.

உங்க ஊரில் வீட்டை எப்படிச் சூடாக்குறாங்க, மாச பில் எவ்வளவு வருதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.