இருபாலும் அப்பாலும்

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் பிள்ளை ஒரே நாளில் மூன்று மொழி எழுதுகிறது. மலாய் வகுப்பில் தாயைக் குறித்து எழுதினும் தந்தையைக் குறித்து எழுதினும் ‘டியா’ என்னும் சொல் ஒன்றே அமையும். மதிப்புக் கருதிப் ‘பெலியாவ்’ என்றாலும் அதுவும் இருபாற்கும் பொதுவே. ஆங்கிலத்தில் ‘ஹீ’, ‘ஷீ’ எனச் சொல் இரண்டாகும்; ஆயின் வினைச்சொல் மாறுவதில்லை. தமிழிலோ அவன், அவள் எனப் பெயர் பிரிவதோடு நில்லாது, வந்தான், வந்தாள் என வினையும் பிரிகிறது. ஒருவரைப் பற்றிய வாக்கியம் முடியுமுன்னரே அவர் ஆணா பெண்ணா என்று தமிழ் கேட்டுவிடுகிறது. ஆண் பெண் என்னும் இருமையுள் அடங்காதோரைப் பற்றிப் பேசப்புகும் தமிழாசிரியர் முதலில் இடறும் இடம் இதுவே.

மொழியில் பால் பாகுபாடு இல்லையேல் வாழ்விலும் அஃது இராது என்று கருதுதல் தவறு. மலாக்கா நகரில் காஜா பேராங் சாலையை ஒட்டி வாழும் செட்டி மக்களே இதற்குச் சான்று. தமிழ் வணிகரின் வழிவந்த அவர்கள் மலாய் பேசித் தமிழை மறந்தனர்; சைவ வழிபாட்டை மறக்கவில்லை. அவன், அவள் என்னும் சொற்கள் அவர்தம் நாவினின்று நீங்கின. மணமகன், மணமகள் சடங்குகள் நீங்கினவா? இல்லை. சொல்லின் பாலும் மாந்தரின் பாலும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

மாந்தரின் பால் பற்றிய பேச்சிலும் மூன்று செய்திகள் குழம்பிக் கிடக்கின்றன. உடற்கூறு ஒன்று; தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ ஒருவர் உள்ளத்தால் உணர்வது மற்றொன்று; விருப்பம் யார்மேற் செல்கிறது என்பது வேறொன்று. இடையில் நின்ற உணர்வே பாலின அடையாளம் எனப்படுவது. பிறந்தபோது ஆண் எனக் குறிக்கப்பெற்றுத் தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை; பெண் எனக் குறிக்கப்பெற்றுத் தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பி. இவருட் பெரும்பாலோர் இருமைக்கு உட்பட்டவரே. ஒரு பாலினின்று மறுபாலுக்குச் சென்றனர். பால் இரண்டு என்பதை அவர்கள் மறுக்கவில்லை. இருமை சாராதாரோ தம்மை முழுதும் ஆண் என்றோ முழுதும் பெண் என்றோ உணராதவர். இரண்டும் தம்பால் உண்டு என்பாரும், இரண்டும் இல்லை என்பாரும், ஒருகால் இதுவும் ஒருகால் அதுவும் என்பாரும் இவருள் உளர். உடற்கூற்றிலேயே ஆண் பெண் அடையாளம் கலந்து பிறப்போர் ஊடுபாலர். அவருட் பலர் தம்மை ஐயமின்றி ஆணாகவோ பெண்ணாகவோ உணர்கின்றனர். இவ்வனைவரையும் ‘மூன்றாம் பால்’ என ஒரே பெட்டியில் அடைப்பது எளிது, ஆனால் உண்மையன்று. 2014 ஏப்ரல் 15-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்பவற்றுள் தமக்குரியதைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையை வழங்கிற்றேயன்றி, எல்லாரையும் மூன்றாவதில் தள்ளிவிடவில்லை.

இனி இலக்கணத்திற்கு வருவோம். பால் என்பதற்குப் பகுப்பு என்பதே பொருள். திருக்குறளின் முப்பாலில் நிற்பதும் இச்சொல்லே. தொல்காப்பியர் கூறும் ஐம்பாலில் ஆணும் பெண்ணும் மட்டுமன்றி ஒருமையும் பன்மையும் கலந்துள்ளன. அவர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயருக்குத் தன் பாலை அறிவிக்கும் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணையின் ஈறுகளையே அது கொள்ளும் என்றும் விதிக்கிறார். தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் அதே நூற்பாவில் உடன்வைத்தது கருதத்தக்கது. பின்னர் ஆண்பால் ஈற்றை மட்டும் விலக்குகிறார். ஆகவே ‘பேடி வந்தாள்’ எனலாம், ‘வந்தான்’ எனலாகாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூல் செய்த பவணந்தியார் இதனினும் ஒருபடி மேற்செல்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால் என்பது அவர் கொள்கை. திருநம்பியும் திருநங்கையும் இங்கே தெளிவாகப் பிரிந்து நிற்கின்றனர். பாலை முடிவுசெய்வது உடலன்று, அவாவே என்பதும் தெரிகிறது. பவணந்தியார் சமணர், உடற்குறி வேறு, உள்ளத்து வேட்கை வேறு என்னும் ஆராய்ச்சி சமண நூல்களில் விரிவாக உண்டு. ஆனால் அவ்விருவகையும் அஃறிணை போல்வனவும் ஆம் என்று அந்நூற்பா முடிகிறது. இம்முடிபை இன்றைய வகுப்பறைக்குக் கொண்டுவருதல் தகாது. தோட்டப்புறப் பேச்சில் குழந்தையையோ மனைவியையோ ‘அது தூங்குது’ என்பதில் அன்பு உண்டு. தெருவிற் செல்லும் ஒருவரைச் சுட்டி ‘அது போகுது’ என்னும்போது அவர் உயர்திணையினின்றே தள்ளப்படுகிறார். சொல் ஒன்றாயினும் செயல் ஒன்றன்று.

நூலாசிரியர் இருவரும் ஒருவரை எவ்வாறேனும் இருபாலுள் ஒன்றில் நிறுத்தவே முயன்றனர். ஏடுகளும் அவ்வாறே செய்தன. இரப்பர்த் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிராணி விரித்த செக்ரோல் புத்தகம் ஆள்களை ஆண் என்றும் பெண் என்றும் பகுத்தது. அப்பகுப்பு கூலிப் பகுப்புமாம். 1920-களின் இறுதியில் மலாயாவின் முதன்மைத் தோட்ட வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு வரையறுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பால் மாறினால் பத்துக் காசு மாறும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு மக்கள் நகர் சேர்ந்த பின்னரும் ஏடு மாறவில்லை. மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். சிகிச்சை பெற்றுப் பெண்ணாக வாழ்ந்த ஒருவரின் அந்த இலக்கத்தை மாற்றுமாறு 2005-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தகைய வேறொரு விண்ணப்பத்தை ஈப்போ உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இரு வழக்கிலும் கேட்கப்பட்டது ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடையிலான மாற்றமே. இருமை சாராதவர்க்கு அங்கே கேட்பதற்கும் ஓர் இலக்கம் இல்லை. ஒற்றையுமன்றி இரட்டையுமன்றி ஓர் எண் ஏது?

எண்ணில் இல்லாத இடம் சொல்லில் உண்டு. ‘ஒருவர்’ என்னும் சொல் இருபாற்கும் உரியது என்றும், அது பன்மை வினை கொள்ளும் என்றும் தொல்காப்பியரே பெயரியலில் கூறுகிறார். தொலைவில் தோன்றும் உருவம் ஆணோ பெண்ணோ என ஐயுற்றவிடத்துப் பன்மையாற் சொல்லுக என்பதும் அவர் விதியே. ஆகவே ‘அவர் வந்தார்’ எனல் புதுமையன்று. சுவீடியர் ‘ஹென்’ என்னும் புதுச்சொல்லை 2015-இல் தம் அகராதிக் கழகத்தின் சொற்பட்டியலிற் சேர்க்க வேண்டியிருந்தது; தமிழர்க்கு அந்த இடர் இல்லை.

வேறோர் இடர் உண்டு. ‘அவர்’ இன்று மதிப்புச் சொல். ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் வந்த உயர்சொல்லே என்று தொல்காப்பியரும் குறித்துள்ளார். வகுப்பில் மற்றப் பிள்ளைகளெல்லாம் அவன், அவள் எனப்பட, ஒரு மாணவரை மட்டும் ஆசிரியர் ‘அவர்’ என்றால் ஏனையோர் அதனைக் கேலியாகவே கொள்வர். எல்லா மாணவரையும் ‘அவர்’ எனச் சுட்டும் ஆசிரியர்க்கு இத்தொல்லை இல்லை. சிறார்க்கு அத்துணை மதிப்பு மிகையென்பார் சிலர், ஆயினும் அம்மிகையால் எவர்க்கும் கேடில்லை. நேரிற் பேசும்போதோ சிக்கலே எழாது. நான், நீ என்னும் சொற்களும் வந்தேன், வந்தாய் என்னும் வினைகளும் பால் காட்டுவதில்லை. அவ்விடத்தில் இல்லாதவரைப் பற்றிப் பேசும்போதே தமிழ் பால் கேட்கிறது.

எஞ்சியது முறைப்பெயர். பிள்ளை, குழந்தை, மகவு என்பன பொதுச்சொற்கள். இளையவரை அழைக்க மலாயில் ‘அடிக்’ என்னும் பொதுச்சொல் உண்டு. தமிழில் தம்பி, தங்கை என்றே பிரியும். மூத்தவர்க்கு மலாயிலும் ‘அபாங்’, ‘காக்காக்’ என இரண்டே. அண்ணன் என்றும் அக்காள் என்றும் அழைக்கப்பட விரும்பாத மூத்தவரை இளையவர் எப்படி அழைப்பார்? ‘உடன்பிறப்பு’ எழுத்துக்கு உதவும். வாசலில் நின்று கூப்பிட உதவாது.