தோட்டத்துத் தகரப் பெட்டியில் பழங்காசு

பையில் ஒரு நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு வெள்ளியோ நூறு வெள்ளியோ, முன்பக்கத்தில் இருக்கும் முகம் ஒன்றுதான். அவர் துவாங்கு அப்துல் ரஹ்மான். சுதந்திர மலாயாவின் முதல் பேரரசர்; அதற்கு முன்பே நம் நெகிரி செம்பிலானின் யாங் டிபெர்துவான் புசார். 1960 ஏப்ரல் 1-ல் காலமாகி ஸ்ரீ மெனாந்தியில் அடக்கமானவர். 1967 ஜூன் 12-ல் பேங்க் நெகாரா தன் முதல் நோட்டுகளை வெளியிட்டபோது அவர் படத்தைப் போட்டது. அன்றிலிருந்து புழக்கத்து நோட்டின் முன்பக்கத்துக்கு வேறு முகம் வரவே இல்லை. (இப்போதைய 50 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருப்பவரும் அப்துல் ரஹ்மான்தான். ஆனால் அவர் முதல் பிரதமர், கெடாக்காரர். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சி ரூசா கடற்கரையில் ஐஸ் கச்சாங்குக்கு நாம் நீட்டுவது நம் மாநிலத்து அரசரின் படத்தை என்று சொன்னால், பலரும் நோட்டை ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார்கள். காசு சேர்க்கும் பழக்கம் இப்படித் திருப்பிப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது.

பழங்காசு என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘இது என்ன விலை போகும்?’ பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் போகாது. வயதுக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சின, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற நான்கும் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் பழமையான ரோமானியச் செப்புக்காசு சல்லிசாகக் கிடைக்கும். நேற்றுப் புழங்கிய காசு ஒன்று அரிதாகிவிடும். அதனால் விலைக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அதைவிடச் சுவாரசியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் காசு யார் கையில், எதற்காக வந்தது?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த பல வீடுகளில் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். லயத்திலிருந்து தாமானுக்குக் குடிபோனபோது கட்டிலையும் அலமாரியையும் விட்டுவிட்டு வந்தவர்கள்கூட அந்தப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், ஊர்க் கடிதங்கள். அடியில் ஒரு துணி முடிச்சு. அதற்குள் பெரும்பாலும் இருப்பவை சதுரமான ஒரு காசு நாணயங்கள், ராஜா தலை போட்ட வெள்ளிக்காசுகள், மடித்து மடித்து மெலிந்த ஜப்பான் நோட்டுகள்.

வெள்ளிக்காசிலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்று எழுதி, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 50 காசு 1920, 1921 ஆண்டுகளைத் தாங்கி வருகிறது. எடை 8.42 கிராம். அதில் சரிபாதிதான் வெள்ளி. 1920களின் இறுதியில், எளிதில் போய்வரக்கூடிய வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளிக்கு அரசு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதாவது, விடிவதற்கு முன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்துப் பால்மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்த ஒரு நாளுக்கு, ஆணின் கணக்கில் எழுதியது இந்த ஒரு காசு. அதே வேலைக்குப் பெண்ணின் கணக்கில் இரண்டு 20 காசு. 1930-ல் ரப்பர் விலை சரிந்ததும் அதிலும் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினார்கள். மாதம் முடிந்து, கடைக் கடன் கழிந்து, கையில் வந்தது இன்னும் குறைவு. அப்படி வந்ததில் ஒன்றைச் செலவழிக்காமல் யாரோ முடிந்து வைத்திருக்கிறார்கள். நாணய வியாபாரியின் பட்டியலில் இதற்கெல்லாம் இடம் கிடையாது.

வெள்ளியின் அளவைக் கவனித்தால் இன்னொரு கதையும் தெரியும். 1903-ல் வந்த ஒரு டாலர் காசில் 26.95 கிராம் எடையும் 90 விழுக்காடு வெள்ளியும் இருந்தன. வெள்ளி விலை ஏறியதும் 1907-ல் அதை 20.21 கிராமாகச் சுருக்கினார்கள். 1919-ல் 16.85 கிராம், வெள்ளி பாதி மட்டும். பிறகு வந்த மலாயா 20 காசில், 1939-ல் நான்கில் மூன்று பங்கு வெள்ளி. 1943-லும் 1945-லும் பாதி. 1948 முதல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். 1943 என்ற ஆண்டை மறுபடி படியுங்கள். அப்போது நாடு ஜப்பானியர் கையில் இருந்தது. திரும்பி வருவோம் என்ற கணக்கில் பிரிட்டிஷார் ஆறாம் ஜார்ஜ் தலையோடு ‘மலாயா’ என்று காசடித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி ஜப்பான் நோட்டு. பத்து வெள்ளியில் வாழைமரம் இருந்ததால் மொத்த வரிசைக்குமே வாழைமர நோட்டு என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு காசு முதல் ஆயிரம் வெள்ளி வரை அடித்தார்கள். நோட்டின் எழுத்து வரிசை M என்று தொடங்கினால் அது மலாயாவுக்கானது. பர்மாவுக்கு B, பிலிப்பைன்ஸுக்கு P. தொடக்கத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் உண்டு. பிறகு எண்ணே இல்லை, எழுத்து மட்டும். எண் இல்லாத நோட்டு என்றால் எத்தனை அச்சடித்தோம் என்று அச்சடித்தவருக்கே கணக்கு வேண்டாம் என்று அர்த்தம். சேகரிப்பவர்கள் இன்று எண் போட்டதைத்தான் தேடுகிறார்கள். எழுத்து மட்டும் உள்ளது குவியல் குவியலாகக் கிடைக்கிறது.

இந்த நோட்டு வந்ததும் வெள்ளிக்காசு கடைத்தெருவிலிருந்து மறைந்தது. மதிப்புள்ள காசும் மதிப்பில்லாத காசும் ஒரே விலைக்குப் புழங்கினால், மக்கள் மோசமானதைச் செலவழித்து நல்லதைப் பதுக்குவார்கள். பொருளாதாரத்தில் இதை கிரெஷாம் விதி என்பார்கள். தோட்டத்துப் பாட்டிமார் அந்த விதியைப் படிக்காமலே முந்தானையில் முடிந்தார்கள். போருக்கு முன் சில வெள்ளிக்கு விற்ற ஒரு பிக்கல் அரிசி, 1945-ல் ஆயிரக்கணக்கில் போனது. கடைசிக் காலத்தில் வந்த 100 வெள்ளி நோட்டில் ஒரு படம் இருக்கிறது: ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் ஆட்கள். அந்த ஆண்டுகளில் நிஜமான தோட்டங்களில் வேலை முடங்கிக் கிடந்தது. 70,000-க்கும் மேற்பட்ட மலாயாத் தொழிலாளர்களை, பெரும்பாலும் தமிழர்களை, ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். பல ஆயிரம் பேர் திரும்பவில்லை. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் இந்த நோட்டு எதுவும் செல்லாது என்று அறிவித்தது. உழைத்த கூலி ஒரே நாளில் வெறுங்காகிதமானது. எரித்தவர்கள் உண்டு, பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தவர்கள் உண்டு. மிஞ்சியதுதான் பெட்டிக்குள் இருப்பது.

சரி, பெட்டியைத் திறந்துவிட்டீர்கள். தயவுசெய்து புளியை எடுக்காதீர்கள்.

குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பழகிய கை, கறுத்த செப்புக்காசைக் கண்டால் சும்மா இருக்காது. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. செம்பின் மேல் பல ஆண்டுகளாகப் படிந்த ஆக்சைடு படலத்தை அது கரைத்துவிடும். காசு பளபளக்கும், ஆனால் அந்தப் படலம் அழுக்கு அல்ல, அடியில் இருக்கும் உலோகத்தைக் காக்கும் தோல். அதை உரித்தால் புது உலோகம் மறுபடி காற்றோடு வினைபுரியும், இந்த முறை திட்டுத் திட்டாக. சாம்பலும் பிரஷும் இன்னும் மோசம். மேடான எழுத்துகள் தேய்ந்துபோகும். விளக்கிய காசைத் தேர்ந்த சேகரிப்பாளர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார், விலையும் பாதிக்குக் கீழே இறங்கும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அவ்வளவு போதும். சங்கிலியில் கோக்கக் காது வைத்துப் பற்றவைத்த காசுகளும் நம் வீடுகளில் நிறைய உண்டு. அவற்றைப் பட்டறையில் கொடுத்துக் காதை எடுக்க வேண்டாம். சந்தையில் அதற்கு மதிப்புக் குறைவுதான், ஆனால் அது நகையாகக் கழுத்தில் இருந்த காசு. அப்படியே இருக்கட்டும்.

நோட்டுக்கு எமன் லேமினேட் இயந்திரம். பத்திரமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனால் சூட்டில் பசை காகித இழைக்குள் போய்விடும். திரும்ப எடுக்க வழியில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறையும் வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் நாளடைவில் கசியும், பிளாஸ்டிக் சிதைந்து அமிலமும் வெளிவரும். செப்புக்காசில் பிசுபிசுப்பான பச்சை படிவது இதனால்தான். பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். சி ரூசா மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உப்புக்காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்தால் வெள்ளி கறுக்கும், செம்பு அரிக்கும், காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு.

போலியைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அது வெள்ளி ஆகிவிடாது. செம்பு நிக்கல் கலவையும் ஒட்டாது. ஆர்க்கிமிடிஸ் வழிதான் நம்பகமானது. சிறிய மின்தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியில் தொடாதபடி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 1903 டாலர் அசல் என்றால் 26.95 கிராமுக்கு ஏறக்குறைய 2.6 கிராம் காட்டும், அடர்த்தி 10.3 அளவில் வரும். செம்பு நிக்கல் போலி என்றால் 8.9-ஐ ஒட்டி நிற்கும். இந்த டாலருக்குப் போலிகள் ஏராளம், அதனால் சந்தையில் ‘அப்பாடா, மலிவு’ என்று தோன்றினால் முதலில் சந்தேகப்படுங்கள்.

காசு சேர்ப்பது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர்: இரா. கிருஷ்ணமூர்த்தி, தினமலர் ஆசிரியராக இருந்தவர். 1980களில் மதுரையில் அவர் வாங்கிய ஒரு பழைய செப்புக்காசில் ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் எழுதியிருந்தது. சங்க காலப் பாண்டியர் பெயர் பொறித்த காசு அடித்தார்கள் என்பதற்கு அது கல்வெட்டுக்கு நிகரான சான்றானது. சேகரித்ததோடு நிற்காமல் படித்துப் பதிப்பித்ததுதான் அவர் செய்த வேலை. நம் பக்கத்தில் சரண் சிங் மலேசியா, சிங்கப்பூர், புருணை காசுகளுக்குக் கலைக்களஞ்சியமே எழுதி 1986-ல் வெளியிட்டார். இங்கே காசு சேர்ப்பவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். நேரில் பார்க்க வேண்டுமானால் கோலாலம்பூரில் சசானா கிஜாங் கட்டடத்தில் பேங்க் நெகாரா அருங்காட்சியகம் இருக்கிறது. போர்ட் டிக்சனிலேயே தனியார் நடத்தும் பண அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு.

பழைய பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கவலைப்பட வேண்டியதில்லை. 1989-ல் வந்த சில்லறை வரிசையை உண்டியலில் தேடட்டும். ஐந்து காசில் பம்பரம், பத்து காசில் பல்லாங்குழி, இருபதில் வெற்றிலைச் செல்லம், ஐம்பதில் பட்டம். 1977-ல் இயற்கை ரப்பரின் நூறாண்டுக்கு ஒரு வெள்ளி நினைவு நாணயமே வந்தது. தோட்டத்துப் பிள்ளையின் சேகரிப்பில் அது இருக்க வேண்டும் என்பேன்.

பெட்டி இருக்கும் வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு காசின் உறைக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், அவர் என்ன வேலை செய்தார், எப்படி உங்களிடம் வந்தது என்று நாலு வரி எழுதுங்கள், பேனாவால் அல்ல, பென்சிலால், மை கசியும். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். அப்புறம், சில்லறையை எண்ணும்போது 1971 என்று போட்ட பத்து காசு தட்டுப்பட்டால் கடைக்காரரிடம் நீட்டிவிடாதீர்கள். அந்த ஆண்டுக் காசு மிகக் குறைவாகவே அடிக்கப்பட்டது.