பாதித் தூரத்தில் முடிவு கட்டாதீங்க, அண்ணாச்சி!

2023 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. சிகாகோவில் காலை 7.30 என்றால் கோவில்பட்டியில் மாலை 6 மணி. டீக்கடைகளில் கூட்டம் சேரும் அந்த நேரத்தில்தான் கென்யாவின் கெல்வின் கிப்டும் அங்கே மாரத்தான் ஓடக் கிளம்பினார். பாதித் தூரத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 48 வினாடி. இரண்டால் பெருக்கிப் பாருங்கள்: அன்றைய உலக சாதனையான 2:01:09-ஐவிட 27 வினாடி கூடுதல்! "போச்சு அண்ணாச்சி, இன்னைக்கு ரெக்கார்டு கிடையாது" என்று எழுந்து போயிருந்தால் எதைத் தவறவிட்டிருப்பீர்கள் தெரியுமா? மறுபாதியை அவர் 59 நிமிடம் 47 வினாடியில் முடித்தார்! மொத்தம் 2:00:35. புதிய உலக சாதனை! கால்கள் கெஞ்ச வேண்டிய 30-வது கிலோமீட்டரிலிருந்து அடுத்த ஐந்து கிலோமீட்டருக்கு ஆனது வெறும் 13 நிமிடம் 51 வினாடி!

இது என்ன வேகம் என்று ஹாக்கி ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஹாக்கி மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர். ஒரு கோலிலிருந்து மறு கோலுக்கு 16 வினாடிக்குள் ஓட வேண்டும், நிற்காமல், 461 தடவை! அந்த மனிதர் நான்கே மாதத்தில், 24 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். இன்றும் மனம் ஆறவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், யார் ஜெயிப்பார் என்ற வாக்குவாதத்தை 30 கிலோமீட்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து பலருக்கும் அந்தச் சமயத்தில்தான் தீரத் தொடங்கும். வழியில் அவர்கள் குடிப்பது பெரும்பாலும் சர்க்கரைக் கரைசல். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்க் கடலைமிட்டாயிலும் வெல்லம் இருக்கிறதே என்பீர்கள். கடலையின் கொழுப்பு செரிக்க நேரம் ஆகும். அதை ஓடி முடித்தபின் சாப்பிடலாம்!

பட்டியலிலேயே இல்லாதவர் தங்கம் வென்ற கதை தெரியுமா? அதுவும் இரண்டு முறை, இரண்டும் எத்தியோப்பியாவுக்கு! 1960 ரோம் ஒலிம்பிக்கில் வாமி பிராட்டுவுக்குப் பதிலாகப் போன அபேபே பிகிலா, வெறுங்காலோடு ஓடி வென்றார். 2024 பாரிஸில் காயம்பட்ட சிசாய் லெம்மாவுக்குப் பதிலாக இறங்கிய தமிரத் தோலா, 2:06:26 என்று ஒலிம்பிக் சாதனையே படைத்தார்!

வெறுங்கால் என்றதும் நம்மவர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ராணுவ வீரர் சிவ்நாத் சிங். பாதத்தில் டேப் ஒட்டிக்கொண்டு ஓடியவர்! 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 11-வது இடம். 1978-ல் ஜலந்தரில் 2:12:00. அந்த தேசிய சாதனையை அடுத்த நாற்பது ஆண்டுகளில் எந்த இந்தியராலும் தொட முடியவில்லை! கரிசல் வெடிப்பில் செருப்பில்லாமல் நடந்து பழகியவர்களுக்கு அந்தக் காலின் அருமை தெரியும்.

இப்படி நெடுநாள் நின்ற சாதனை இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரின் முருகையா ரமேஷன் 1995 மாரத்தானில் ஓடிய 2:24:22 அந்நாட்டின் சாதனையாக 20 ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

கடைசி 200 மீட்டரிலும் எதுவும் நடக்கலாம், தெரியுமா? அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வாங்கிய வீராங்கனை சிஃபான் ஹசன், பத்தாயிரம் ஓடி இரண்டு நாள்கூட ஆகாமல் மாரத்தானுக்கு வந்து நின்றார். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவரும் டிக்ஸ்ட் அசெஃபாவும் தோளோடு தோள் மோதிக்கொண்டார்கள். ஹசன் பாய்ந்தார். 42 கிலோமீட்டர் ஓடியபின் இருவருக்கும் இடையே இருந்தது மூன்றே வினாடி!